இயல் அதிர்வெண்

இயல் அதிர்வெண் என்பது, ஒரு பொருளை அல்லது பொறியுறுப்பை அதன் ஓய்வு நிலையிலிருந்து சற்று விலக்கி விட்டுவிட்டால், வேறு எந்தப் புற உந்துதலும் இன்றி அது ஒரு நொடியில் எத்தனை முறை அலைகிறது என்பதைக் குறிக்கும் அளவாகும். இதன் அலகு ஹெர்ட்ஸ். ஓர் அலைவு முழுமையடைய ஆகும் நேரம் இயல் அலைவுக் காலம் எனப்படும். இது இயல் அதிர்வெண்ணின் தலைகீழ் மதிப்பாகும். எடுத்துக்காட்டாக, 0.5 ஹெர்ட்ஸ் இயல் அதிர்வெண் கொண்ட ஊசலின் அலைவுக் காலம் 2 நொடிகள்.

இயல் அதிர்வெண் பொருளின் நிறையையும் (திணிவு) விறைப்பையும் பொறுத்தது. சிறிய அசைவுகளில், பொருளை எவ்வளவு வலுவாகத் தட்டினோம் என்பதை அது பொறுத்ததன்று. பொறிகளை வடிவமைப்போர் பெரும்பாலும் இந்த அதிர்வெண்ணில் பொறி இயங்காதவாறு விலகிச் செல்ல முயல்கின்றனர். ஆனால் நிலநடுக்கமானி போன்ற அளவைக் கருவிகளில் இயல் அதிர்வெண் வேண்டுமென்றே ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் கொணரப்படுகிறது. அம்மதிப்பு சரியாகத் தெரியாவிடில், கருவி வரைந்த கோட்டில் எது நிலத்தின் அசைவு, எது கருவியின் சொந்த அசைவு என்று பிரித்தறிய இயலாது. பழனி மலையில் உள்ள கொடைக்கானலில் 1899 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மில்ன் நிலநடுக்கமானி இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அது கீழே விரிவாக விளக்கப்படுகிறது.

அடிப்படைக் கருத்து

ஒரு சுருள்வில்லின் நுனியில் ஓர் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, அதைச் சற்றுக் கீழே இழுத்து விடுவதாகக் கொள்வோம். வில் கல்லை மேலே இழுக்கும். கல் ஓய்வு நிலையை அடையும்போது அதற்கு வேகம் இருப்பதால் அங்கு நில்லாமல் மேலே சென்றுவிடும். பின்னர் மீண்டும் கீழே வரும். இவ்வாறு இரண்டு போக்குகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஒன்று, பொருளை ஓய்வு நிலைக்குத் திருப்ப முயலும் மீட்பு விசை. மற்றொன்று, இயங்கும் பொருள் இயங்கிக்கொண்டே இருக்க முயலும் நிலைமம். மீட்பு விசை மிகுந்தால் அலைவு விரைவாகும். நிறை மிகுந்தால் அலைவு மெதுவாகும். வீணையின் நரம்பை முறுக்கினால் சுருதி உயர்வதும், தடித்த நரம்பு மெல்லிய நரம்பைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பதும் இதே காரணத்தினாலாகும்.

பொருளை 1 மீட்டர் இடம்பெயர்க்கத் தேவைப்படும் விசையே அதன் விறைப்பு ஆகும். இதன் அலகு நியூட்டன்/மீட்டர்.

ஒரு பொருளுக்கு ஒரேயோர் இயல் அதிர்வெண் மட்டும் இருப்பதில்லை. ஒரே திசையில் மட்டும் அசையக்கூடிய எளிய எடை-வில் அமைப்புக்கு ஒன்றுதான் உண்டு. ஆனால் ஒரு சட்டம், தண்டு அல்லது தகடு பல வடிவங்களில் வளைந்து அதிரக்கூடும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. அவற்றுள் மிகச் சிறியது முதல் இயல் அதிர்வெண் அல்லது அடிப்படை அதிர்வெண் எனப்படும். நடைமுறையில் பெரும்பாலும் இதுவே முதன்மையானது.

கணித்தல்

எடையும் வில்லும்

எளிய எடை-வில் அமைப்புக்கான சூத்திரம் பின்வருமாறு:

இயல் அதிர்வெண் = (1 ÷ 2பை) × √(விறைப்பு ÷ நிறை)

இங்கு பை என்பது 3.1416 ஆகும். 2 கிலோகிராம் நிறையும் 800 நியூட்டன்/மீட்டர் விறைப்பும் கொண்ட அமைப்பை எடுத்துக்கொள்வோம். 800 ÷ 2 = 400. இதன் வர்க்கமூலம் 20. இதை 6.2832 ஆல் வகுத்தால் 3.18 ஹெர்ட்ஸ் கிடைக்கும். வர்க்கமூலம் இருப்பதால், இயல் அதிர்வெண்ணை இரு மடங்காக்க விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

தொய்விலிருந்து கணித்தல்

ஒரு பொறி தன் எடையினால் தன் தாங்கிகளை எவ்வளவு அமுக்குகிறது என்பதை அறிந்தாலே, நிறையையும் விறைப்பையும் தனித்தனியே அறியாமல் அதன் இயல் அதிர்வெண்ணைக் கணிக்கலாம். அமுக்கத்தை மில்லிமீட்டரில் கொண்டால்,

இயல் அதிர்வெண் = 15.76 ÷ √(தொய்வு)

1500 சுற்று/நிமிடம் வேகத்தில் சுழலும் ஒரு மின்னோடி (மோட்டார்) இரப்பர்த் தாங்கிகளின் மேல் வைக்கப்பட்டுள்ளது எனவும், தாங்கிகள் 4 மில்லிமீட்டர் அமுங்குகின்றன எனவும் கொள்வோம். இயல் அதிர்வெண் 15.76 ÷ 2 = 7.9 ஹெர்ட்ஸ். மின்னோடியின் சுழற்சி 25 ஹெர்ட்ஸ். சுழற்சி இயல் அதிர்வெண்ணைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருப்பதால், தணிப்பைப் புறக்கணித்தால், நடுக்க விசையில் ஏறத்தாழ 11 விழுக்காடு மட்டுமே தளத்துக்குச் செல்லும். ஆனால் மின்னோடி புறப்படும்போதும் நிற்கும்போதும் 7.9 ஹெர்ட்ஸைக் கடந்தாக வேண்டும். அந்தச் சில கணங்களில் அது குலுங்குவதை யாரும் காணலாம்.

ஒரு முனை பொருத்தப்பட்ட சட்டம்

மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது எஃகு அளவுகோல் சோதனையாகும். அளவுகோலின் ஒரு முனையை மேசை விளிம்பில் இறுகப் பற்றி, மறுமுனையைச் சுண்டிவிட வேண்டும். சீரான தடிப்புள்ள சட்டத்தின் முதல் இயல் அதிர்வெண் வருமாறு:

இயல் அதிர்வெண் = 0.1615 × (தடிப்பு ÷ நீளத்தின் வர்க்கம்) × √(யங் குணகம் ÷ அடர்த்தி)

எஃகின் யங் குணகம் 20,000 கோடி நியூட்டன்/சதுர மீட்டர். அடர்த்தி 7850 கிலோகிராம்/கன மீட்டர். இவற்றின் விகிதத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 5048. தடிப்பு 1 மில்லிமீட்டர், வெளியே நீண்டிருக்கும் பகுதி 25 சென்டிமீட்டர் எனில் இயல் அதிர்வெண் 13.0 ஹெர்ட்ஸ். நீளத்தைப் பாதியாக்கினால் அது நான்கு மடங்காகி 52 ஹெர்ட்ஸ் ஆகும். அளவுகோலின் அகலம் சூத்திரத்தில் இடம்பெறவில்லை. அகலம் கூடினால் விறைப்பும் நிறையும் ஒரே அளவில் கூடுவதே இதற்குக் காரணம்.

சிக்கலான வடிவம் கொண்ட உறுப்புகளுக்கு இத்தகைய சூத்திரங்கள் போதா. அவற்றைக் கணினியில் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறின் விறைப்பையும் நிறையையும் தொகுத்துக் கணிக்கின்றனர். இது முடிவுறு கூறு முறை எனப்படும்.

அளத்தல்

கட்டற்ற அலைவு முறை

பொருளை விலக்கிவிட்டு அதன் அலைவுகளை எண்ணுவதே மிக எளிய முறை. அலைவு மெதுவாக இருந்தால் நிறுத்து கடிகாரம் போதும். ஓர் அலைவை மட்டும் அளப்பதைவிடப் பல அலைவுகளை ஒன்றாக அளந்து வகுப்பதே சிறந்தது. கையால் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி பிழை நேர்ந்தாலும், 10 அலைவுகளை அளந்தால் ஓர் அலைவுக்கான பிழை 0.02 நொடியாகக் குறைந்துவிடும்.

தட்டுச் சோதனை

பொறியுறுப்பின் மீது முடுக்கமானியை ஒட்டி, ஒரு சுத்தியலால் இலேசாகத் தட்டி, கிடைக்கும் குறிகையைக் கணினியில் பதிவு செய்வர். பதிவு விரைவு பூரியே உருமாற்றத்தின் வழியாக அதிர்வெண்களாகப் பிரிக்கப்படும். வரைபடத்தில் முகடுகள் தோன்றும் இடங்களே இயல் அதிர்வெண்கள். இம்முறையில் இரண்டு எல்லைகள் உள்ளன.

முதலாவது, பதிவின் நீளம். 2 நொடிப் பதிவிலிருந்து 0.5 ஹெர்ட்ஸ் இடைவெளியில்தான் முகடுகளைப் பிரித்தறிய இயலும். 0.25 ஹெர்ட்ஸ் நுணுக்கம் வேண்டுமெனில் 4 நொடிப் பதிவு தேவை.

இரண்டாவது, மாதிரி எடுக்கும் வேகம். நொடிக்கு 100 மாதிரிகள் எடுக்கும் கருவியால் 50 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அதிர்வுகளை மட்டுமே சரியாகக் காட்ட முடியும். மேற்கூறிய 12.5 சென்டிமீட்டர் அளவுகோலின் 52 ஹெர்ட்ஸ் அதிர்வு அக்கருவியில் 48 ஹெர்ட்ஸாகத் தோன்றும். முகடு தெளிவாகவே இருக்கும்; ஆனால் மதிப்பு தவறாக இருக்கும்.

திணிப்பு அதிர்வு முறை

அதிர்வூட்டி ஒன்றினால் பொருளைக் குறைந்த அதிர்வெண்ணிலிருந்து படிப்படியாக உயர்த்தி அதிரச் செய்யும்போது, எந்த அதிர்வெண்ணில் வீச்சு மிகப் பெரிதாகிறதோ அதுவே (தணிப்பு குறைவாக இருந்தால்) இயல் அதிர்வெண் ஆகும். அந்நிலை ஒத்ததிர்வு எனப்படும்.

கணிப்பும் அளவீடும் வேறுபடுவது ஏன்

ஒரே உறுப்பைக் கணித்தும் அளந்தும் பார்த்தால் இரு மதிப்புகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பது அரிது. அளவுகோல் எடுத்துக்காட்டையே கொண்டு பொதுவான காரணங்களைக் காணலாம்.

பிடிப்பின் தளர்வு: எந்தப் பிடியும் முற்றிலும் விறைப்பானதன்று. பிடிக்குள் 5 மில்லிமீட்டர் வரை அளவுகோல் வளைய இடமிருந்தால் அதன் நீளம் 25.5 சென்டிமீட்டராக இருப்பது போலாகும். இயல் அதிர்வெண் 13.0 இலிருந்து 12.5 ஹெர்ட்ஸாகக் குறையும்.

பரிமாணப் பிழை: 1 மில்லிமீட்டர் என்று கருதிய தடிப்பு 0.9 மில்லிமீட்டராக இருந்தால் விடையில் 10 விழுக்காடு குறையும்.

உணரியின் நிறை: 25 மில்லிமீட்டர் அகலமுள்ள அவ்வளவுகோலின் நீண்டிருக்கும் பகுதி 49 கிராம் நிறை கொண்டது. ஆயினும் முதல் அதிர்வைப் பொறுத்தவரை அது நுனியில் வைத்த 12 கிராம் நிறைக்கே சமம். எனவே நுனியில் 12 கிராம் உணரி ஒன்றை ஒட்டினால் நிறை இரு மடங்காகி, இயல் அதிர்வெண் 9.2 ஹெர்ட்ஸாக வீழ்ந்துவிடும். அளக்கப் போன கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. கைப்பேசியை அளவுகோலில் கட்டி அளக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

கருவி மாறிலிகளும் இவ்வாறே கணிப்பிலிருந்து வேறுபடலாம். 1935 ஆம் ஆண்டில் சார்லஸ் ரிக்டர் வகுத்த நிலநடுக்க அளவுகோல், 0.8 நொடி இயல் அலைவுக் காலம் கொண்ட வூட்-ஆண்டர்சன் நிலநடுக்கமானியை அடிப்படையாகக் கொண்டது. அக்கருவியின் உருப்பெருக்கம் 2800 எனக் கணிக்கப்பட்டிருந்தது. 1990 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அது உண்மையில் ஏறத்தாழ 2080 மட்டுமே எனக் காட்டியது. ரிக்டர் அளவில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 0.13 ஆகும்.

எடுத்துக்காட்டு: கொடைக்கானல் நிலநடுக்கமானி

பின்னணி

1897 சூன் 12 அன்று அசாமில் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து, இந்திய வானிலை ஆய்வுத் துறை 1898 திசம்பரில் கல்கத்தாவின் அலிப்பூரில் ஒரு நிலநடுக்க ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. 1899 ஆம் ஆண்டில் பம்பாயின் கொலாபாவிலும் கொடைக்கானலிலும் நிலையங்கள் அமைந்தன. சென்னை வானாய்வகத்தின் பணிகள் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2340 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வாய்வகம் சூரிய ஆய்வுக்காகப் பெயர் பெற்றது. தற்போது அது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

கொடைக்கானலில் வைக்கப்பட்ட கருவி ஜான் மில்ன் வடிவமைத்ததாகும். இங்கிலாந்தைச் சேர்ந்த இவர் 1876 முதல் 1895 வரை சப்பானில் சுரங்கவியல், நிலவியல் பேராசிரியராகப் பணியாற்றியபோது நிலநடுக்கமானிகளை உருவாக்கினார். நாடு திரும்பிய பின், பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் உலகின் பல பகுதிகளிலும் ஒரே வகைக் கருவிகளை நிறுவச் செய்தார்.

கிடை ஊசல்

தொலைவில் நேரும் நிலநடுக்கங்களின் அலைகளில் நிலம் மிக மெதுவாக அசைகிறது. பரப்பு அலைகளில் ஓர் அசைவு முடிய 20 நொடிகள் ஆகலாம். நிலம் அசையும்போது தான் அசையாமல் நிற்கக்கூடிய ஒரு நிறை இருந்தால்தான் அவ்வசைவை அளக்க முடியும். அதற்கு அந்நிறையின் இயல் அலைவுக் காலம் நிலத்தின் அலைவுக் காலத்தைவிட நீண்டதாகவோ, குறைந்தது அதற்கு நெருங்கியதாகவோ இருக்க வேண்டும்.

சாதாரணத் தொங்கு ஊசலைக் கொண்டு இதைச் செய்ய இயலாது. 1 மீட்டர் நீள ஊசலின் அலைவுக் காலம் 2 நொடிகள் மட்டுமே. 20 நொடி அலைவுக் காலம் வேண்டுமெனில் ஊசலின் நீளம் ஏறத்தாழ 99 மீட்டர் இருக்க வேண்டும்.

கிடை ஊசல் இச்சிக்கலைத் தீர்த்தது. இதன் செயற்பாட்டை ஒரு கதவைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கீல்கள் சரியாக நிலைக்குத்துக் கோட்டில் அமைந்த கதவு, விட்ட இடத்தில் நிற்கும். கீல்களின் அச்சு சற்றே சாய்ந்திருந்தால் கதவு தானாகவே நகர்ந்து, தாழ்வான ஓரிடத்தில் வந்து நிற்கும். அவ்விடத்தைச் சுற்றி மிக மெதுவாக ஊசலாடவும் செய்யும். சாய்வு குறையக் குறைய மீட்பு விசையும் குறையும். அலைவுக் காலம் நீளும். மில்ன் கருவியில் கதவுக்குப் பதிலாக, ஒரு தூணின் அடியில் கூர்முனையில் ஊன்றி, தூணின் உச்சியிலிருந்து ஒரு கம்பியால் தாங்கப்பட்ட இலேசான தண்டு இருந்தது. அதன்மேல் ஒரு நிறை வைக்கப்பட்டிருந்தது. தண்டின் நுனியில் இருந்த நுண்பிளவின் வழியே விளக்கொளி சென்று, சுழலும் உருளையில் சுற்றப்பட்ட ஒளிப்படத் தாளில் கோடு வரைந்தது.

அலைவுக் காலத்தைக் கணித்தல்

கிடை ஊசலின் அலைவுக் காலம் வருமாறு:

அலைவுக் காலம் = 2பை × √(பயனுறு நீளம் ÷ (புவியீர்ப்பு முடுக்கம் × சாய்வின் சைன் மதிப்பு))

பயனுறு நீளம் 25 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். இதைத் தொங்கு ஊசலாக விட்டால் அலைவுக் காலம் 1 நொடி. இத்தகைய கருவிகளுக்கு ஏற்ற 18 நொடி அலைவுக் காலத்தைப் பெற, சாய்வின் சைன் மதிப்பு 0.0031 ஆக இருக்க வேண்டும். அதாவது சாய்வு 0.18 பாகை மட்டுமே. 25 சென்டிமீட்டர் உயரத் தூணின் உச்சியை 0.8 மில்லிமீட்டர் நகர்த்தினால் இச்சாய்வு கிடைத்துவிடும்.

இவ்வளவு சிறிய சாய்வை நம்பியிருப்பதால் ஒரு விளைவு உண்டு. சாய்வு 10 விழுக்காடு குறைந்தால் அலைவுக் காலம் 18 இலிருந்து 19 நொடியாகிவிடும். தூண் நின்ற தளமோ கருவியின் உறுப்புகளோ வெப்பத்தாலும் ஈரத்தாலும் சற்று நகர்ந்தாலே இது நேரலாம். எனவே அலைவுக் காலத்தை ஒருமுறை கணித்துவிட்டு விட்டுவிட முடியாது. ஊசலை இலேசாக விலக்கி, அலைவுகளை எண்ணி, அவ்வப்போது அளந்து குறித்து வைத்தாக வேண்டும்.

பக்கவாட்டுச் சாய்வுக்கும் இக்கருவி மிகுந்த உணர்திறன் கொண்டது. நிலம் பக்கவாட்டில் 1 விகலை (பாகையில் 3600இல் ஒரு பங்கு) சாய்ந்தால் தண்டு ஏறத்தாழ 322 விகலை திரும்பும். 1 மீட்டர் நீளமுள்ள தண்டின் நுனி அப்போது 1.6 மில்லிமீட்டர் நகரும். 1 விகலை என்பது 206 மீட்டர் தொலைவில் 1 மில்லிமீட்டர் உயர்வுக்குச் சமம் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் நுட்பம் விளங்கும். கருவியின் சமன் திருகை அறிந்த அளவு திருப்பி, கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து அதன் உணர்திறனை அளந்தனர்.

தணிப்பு இல்லாமையின் விளைவு

மில்லின் தொடக்கக் கருவிகளில் தணிப்பு அமைப்பு ஏதும் இல்லை. உராய்வினால் மட்டுமே அலைவு மெல்ல அடங்கியது. 10 அலைவுகளில் வீச்சு பாதியாகும் ஓர் ஊசலை எடுத்துக்கொண்டால் அதன் தணிப்பு விகிதம் 0.011 ஆகும். 18 நொடி அலைவுக் காலம் கொண்ட அவ்வூசல், நிலம் முற்றிலும் ஓய்ந்த பின்னரும் 3 நிமிடங்களில்தான் பாதி வீச்சுக்கு வரும். பதினாறில் ஒரு பங்காகக் குறைய 12 நிமிடங்கள் ஆகும். தாளில் கோடு அதிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் அது நிலத்தின் அதிர்வன்று.

இதைவிடப் பெரிய இடர் ஒத்ததிர்வாகும். நிலம் 1 மில்லிமீட்டர் வீச்சில் சீராக அசைவதாகக் கொண்டால், 18 நொடி ஊசலின் நிறை நிலத்தைச் சார்ந்து அசையும் வீச்சு பின்வருமாறு அமையும். முதல் மதிப்பு தணிப்பு இல்லாதபோதும், இரண்டாவது மதிப்பு 0.7 தணிப்பு விகிதத்திலும் கிடைப்பவை.

நிலத்தின் அலைவுக் காலம் 6 நொடி: 1.13 மி.மீ.; 1.00 மி.மீ.
நிலத்தின் அலைவுக் காலம் 20 நொடி: 4.26 மி.மீ.; 0.64 மி.மீ.
நிலத்தின் அலைவுக் காலம் 54 நொடி: 0.13 மி.மீ.; 0.11 மி.மீ.

தணிப்பு இல்லாதபோது 20 நொடி அலைகள் மட்டும் நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுவதைக் காண்க. தொலைநில நடுக்கங்களின் பரப்பு அலைகள் பெரும்பாலும் இப்பகுதியிலேயே உள்ளன. அத்துடன் ஊசலின் 18 நொடி இயல் அலைவும் நிலத்தின் 20 நொடி அலைவும் ஒன்றோடொன்று கலந்து, 3 நிமிடங்களுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்கும் விம்மல்களைத் தோற்றுவிக்கும். தாளைப் பார்ப்பவருக்கு நிலநடுக்கம் அலை அலையாகத் திரும்பத் திரும்ப வந்தது போலத் தோன்றும்.

அலை வந்து சேர்ந்த நேரத்தைக் குறிக்க இத்தகைய பதிவு பெரிதும் உதவியது. ஆனால் நிலம் எவ்வளவு அசைந்தது என்பதை அதிலிருந்து நேரடியாகக் கூற இயலவில்லை. கருவியின் இயல் அலைவுக் காலத்தையும் தணிப்பையும் குறிக்காத பழைய பதிவு, அளவு குறிக்காத வரைபடம் போன்றதாகும்.

தணிப்பைச் சேர்த்தல்

செருமானியரான எமில் வீச்சர்ட் நிலநடுக்கமானிகளில் தணிப்பின் தேவையை வலியுறுத்தி, தணிப்புடன் கூடிய கருவிகளை 1900 ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். மில்ன் கருவியை இங்கிலாந்தின் ஜே. ஜே. ஷா திருத்தியமைத்தார். மில்ன்-ஷா நிலநடுக்கமானியில் தண்டோடு இணைந்த ஒரு தகடு காந்த முனைகளுக்கிடையே நகர்ந்தது. அத்தகட்டில் தூண்டப்பட்ட சுழல் மின்னோட்டம் அசைவை எதிர்த்தது. இக்கருவியின் வழக்கமான அலைவுக் காலம் 12 நொடி, உருப்பெருக்கம் 250, அடுத்தடுத்த அரை அலைவுகளின் வீச்சு விகிதம் 20:1. இவ்விகிதம் ஏறத்தாழ 0.69 தணிப்பு விகிதத்துக்குச் சமம்.

தணிப்பு கூடியதும் அளக்கும் முறையிலும் மாற்றம் தேவைப்பட்டது. ஒவ்வொரு முழு அலைவிலும் வீச்சு 400இல் ஒரு பங்காகிவிடுவதால் எண்ணுவதற்கு அலைவுகளே இரா. மேலும், தணிப்புடன் கூடிய அலைவு இயல் அலைவைவிட மெதுவானது. 12 நொடி ஊசல் 0.69 தணிப்பில் 16.6 நொடி அலைவுக் காலத்தையே காட்டும். எனவே காந்தத்தை விலக்கி, ஊசலைக் கட்டற்று ஆடவிட்டு இயல் அலைவுக் காலத்தை முதலில் அளப்பர். பின்னர் காந்தத்தைப் பொருத்தி வீச்சு விகிதத்தை அளப்பர். இரு மதிப்புகளும் தெரிந்தால், எந்த அலைவுக் காலமுள்ள அலையைக் கருவி எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்பதைக் கணக்கிடலாம்.

பிற்காலக் கருவிகள்

1960களில் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் முயற்சியால் உலகளாவிய சீர்தர நிலநடுக்கமானி வலையமைப்பு உருவானது. நிலத்தடி அணுகுண்டு வெடிப்புகளை நிலநடுக்கங்களிலிருந்து பிரித்தறிவது இதன் நோக்கங்களுள் ஒன்று. கொடைக்கானலும் இவ்வலையமைப்பில் ஒரு நிலையமாக இருந்தது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரே வகையான இருவகைக் கருவிகள் வைக்கப்பட்டன: 1 நொடி இயல் அலைவுக் காலம் கொண்ட குறுங்காலக் கருவி, 15 நொடி (தொடக்கத்தில் 30 நொடி) கொண்ட நெடுங்காலக் கருவி. எல்லா நிலையங்களிலும் இயல் அலைவுக் காலமும் தணிப்பும் ஒன்றாக இருந்ததால், வெவ்வேறு நாடுகளின் பதிவுகளை நேரடியாக ஒப்பிட முடிந்தது.

இக்காலத்து அகலப்பட்டை நிலநடுக்கமானிகளில் நிறை அசைய விடப்படுவதில்லை. மின்னணுச் சுற்று ஒன்று எதிர்விசை கொடுத்து நிறையை அதே இடத்தில் நிறுத்துகிறது. அதற்குத் தேவைப்பட்ட விசையே அளவீடாகிறது. இதனால் ஒரு சிறு கருவியே 120 நொடி அலைவுக் காலம் கொண்ட ஊசலைப் போலச் செயற்படுகிறது. அத்தகைய தொங்கு ஊசல் ஒன்றை உண்மையில் கட்ட வேண்டுமெனில் அதன் நீளம் 3.5 கிலோமீட்டருக்கும் மேல் இருக்க வேண்டும்.

பொறியியலில் பயன்பாடு

கருவி வடிவமைப்பில் இயல் அதிர்வெண்ணை நாடிச் செல்கிறோம் எனில், பொறி வடிவமைப்பில் அதைத் தவிர்க்கிறோம். சுழலும் தண்டின் வேகம் அதன் வளைவு அதிர்வெண்ணோடு ஒன்றிவிட்டால் அது மாறுநிலை வேகம் எனப்படும். விசையாழித் தண்டுகள் அவ்வேகத்தில் நிலைத்து இயங்காதவாறு வடிவமைக்கப்படுகின்றன. காற்றாலைக் கோபுரத்தின் இயல் அதிர்வெண், சுழலியின் சுழற்சி அதிர்வெண்ணோடும், இறக்கைகள் கோபுரத்தைக் கடக்கும் அதிர்வெண்ணோடும் பொருந்தாதவாறு தேர்ந்தெடுக்கப்படுகிறது.

கட்டடங்களுக்கும் இது பொருந்தும். இந்தியத் தர நெறிமுறையில், செங்கல் நிரப்புச் சுவர் இல்லாத கற்காரைச் சட்டக் கட்டடத்தின் அலைவுக் காலத்தை அதன் உயரத்திலிருந்து தோராயமாகக் கணிக்கும் சூத்திரம் உள்ளது. அதன்படி 30 மீட்டர் உயரக் கட்டடத்தின் அலைவுக் காலம் ஏறத்தாழ 1 நொடி ஆகும். 1985 ஆம் ஆண்டு மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில், பழைய ஏரிப்படுகையின் மென்மண் ஏறத்தாழ 2 நொடி அலைவுக் காலத்தில் அதிர்ந்தது. தாழ்ந்த வீடுகளைவிட நடுத்தர உயரக் கட்டடங்களே அப்போது மிகுதியாக இடிந்தன.

புவியின் இயல் அதிர்வெண்கள்

நிறையும் மீட்பு விசையும் கொண்ட எப்பொருளுக்கும் இயல் அதிர்வெண் உண்டு என்பது புவிக்கும் பொருந்தும். மிகப் பெரிய நிலநடுக்கம் ஒன்று நேர்ந்தால் புவிக்கோளம் முழுவதும் தட்டிய மணி போல அதிர்கிறது. அவ்வதிர்வுகளுள் மிக மெதுவானதன் அலைவுக் காலம் ஏறத்தாழ 54 நிமிடங்கள். 1960 மே 22 அன்று சிலியில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போதே இவ்வதிர்வுகள் முதன்முதலில் ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாயின. 2004 திசம்பர் 26 அன்று சுமாத்திராவை அடுத்த கடலில் நேர்ந்து ஆழிப்பேரலையை உண்டாக்கிய நிலநடுக்கத்திலும் இவை மிகத் தெளிவாகப் பதிவாயின. இவ்வதிர்வெண்களைக் கணித்த மதிப்புகளோடு ஒப்பிட்டு, நேரில் காண இயலாத புவியின் உட்பகுதியின் அடர்த்தியையும் விறைப்பையும் அறிவியலாளர்கள் அறிகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

ஒத்ததிர்வு
தனி ஊசல்
தணிப்பு
யங் குணகம்
நிலநடுக்கமானி
கொடைக்கானல் சூரிய ஆய்வகம்